பிரேக்குக்கு இரண்டாவது கையெழுத்து

எங்கள் ஜீப்பின் பிரேக்கைக் கம்பெனிக்காரர்களைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்தின் அசையாத நம்பிக்கை. கோயிலில் மூலவரைக் குருக்கள் மட்டும்தான் தொடலாம் என்பதைப் போல, அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. அந்த விதியை ஏற்படுத்தியவர் என் கணவர். ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதமே நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். அதைக் கண்டியிலுள்ள கம்பெனி கராஜுக்குக் கொண்டுபோகும் நாட்களில், கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போல மடிப்புக் கலையாத சட்டை அணிந்து, பொலித்தீன் உறை போட்ட சர்விஸ் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்படுவார். அங்கே ஒரு முத்திரை விழுந்தால்தான் அவருக்கு வண்டி வண்டியாகத் தெரியும்.

நான் சொல்லப்போவது பதினாறு ஆண்டுகளுக்கு முன், அம்பிட்டியவுக்கு அப்பால் மலைச்சரிவில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில், ஓர் ஆயுத பூசை நாளில் நடந்தது.

பிரதான வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் மண்பாதை மிகவும் செங்குத்தானது. மழை பெய்துவிட்டால் ஆட்டோக்கள் பாதியிலேயே நின்று பின்னோக்கி வழுக்கும். ஜீப் இருந்தவரை அது எங்களுக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. அந்த வருடம் ஆடி மாதத்தில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் சோர்ந்தன. பேச்சும் குழறியது. நீண்ட வாக்கியங்களில் அலுவலகக் கடிதம் எழுதியே பழகிய மனிதர் ஒற்றைச் சொற்களுக்குள் அடங்கிப்போனார்.

செவ்வாயும் வெள்ளியும் கண்டி ஆஸ்பத்திரியில் அவருக்கு உடற்பயிற்சி சிகிச்சை. பயிற்சி கொடுத்த இளம்பெண் முதல் நாளிலேயே என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: “இந்த ஆரம்ப மாதங்கள்லதான் கை, கால் திரும்பி வரும், டீச்சர். ஒரு நாளையும் விட்டுறாதீங்க.” நான் விடவில்லை. நாற்பது வயதில் அவருடைய வற்புறுத்தலால் எடுத்து அலுமாரியில் வைத்திருந்த ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் அப்போது பயன்பட்டது. நான் ஓட்டுவேன். பின் ஆசனத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தபடி என் நாத்தனார் இருப்பாள். அவருக்கு ஒரே தங்கை. கணவனை இழந்தபின் எங்களோடு வந்து சேர்ந்தவள். ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைத் திருத்தும் பகுதியில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஸ்பேனரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மூன்றாவது மாதத்தில் அவருடைய வலது காலின் பெருவிரல் அசைந்தது. மறு வாரம் கணுக்கால் லேசாக மடங்கியது. அந்த வாரத்தில்தான் ஜீப்பின் பிரேக் கத்தத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஒவ்வொரு வளைவிலும் இரும்பும் இரும்பும் உரசும் ஒரு கீச்சுக் குரல். “அண்ணி, வண்டிக்குள்ள மூஞ்சூறு கிடந்து கத்துது” என்றாள் நாத்தனார். என் கணவர் பின்னாலிருந்து என் தோளை இடது கையால் தட்டி, “கம்பெனி” என்றார். ஒரே சொல். அதில் கட்டளை, கவலை, நம்பிக்கை மூன்றும் இருந்தன.

மறுநாள் சின்ன கியரில் ஊர்ந்து ஊர்ந்து கம்பெனிக்குப் போனேன். அங்கே வாடிக்கையாளர்களுக்குக் கண்ணாடி அறை ஒன்று உண்டு. குளிரூட்டி, தேநீர், பழைய சஞ்சிகைகள். கண்ணாடிக்கு அப்பால் நம் வண்டியை உயர்த்தி ஏதோ செய்வார்கள். என்ன செய்கிறார்கள் என்பது நமக்குக் கேட்காது. ஒரு மணி நேரத்தில் மேற்பார்வையாளர் ஒரு தாளோடு வந்தார். சிங்களவர், நாற்பத்தைந்து வயது இருக்கலாம், நிதானமான முகம். முன் சக்கரங்களின் பிரேக் பேட்டுகள் தேய்ந்து முடிந்துவிட்டன, புதியவை கையிருப்பில் இல்லை, வருவதற்கு மூன்று வாரமாகும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, எனக்கு விளங்கியதா என்ற சந்தேகத்தில் தமிழிலும் சொன்னார்: “அது வரைக்கும் ஓட வேணாம் மேடம். மலையில ஓடவே வேணாம்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் மூன்று வாரம் என்றால் ஆறு சிகிச்சைகள்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ ஒன்றைப் பிடித்துப் போனோம். போனது சுலபம். திரும்பும்போது மழை. ஆட்டோ பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. அயலவர்கள் நான்கு பேர் கதிரையொன்றைக் கொண்டுவந்து, அவரை அதில் இருத்தி, சேற்றில் வழுக்கி வழுக்கி மேலே தூக்கி வந்தார்கள். அன்பான மனிதர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களில் இருவர் தோட்ட அலுவலகத்தில் அவரிடம் கைகட்டி நின்று விடுமுறை கேட்டவர்கள். வீட்டுக்குள் வந்ததும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். “வேணாம்” என்றார். இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்பது அதன் பொருள். நாத்தனார் எவ்வளவோ கேலி செய்து பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

கொழும்பில் வேலை பார்த்த எங்கள் மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். நாங்களே பேட்டை மாற்றினால் என்ன என்று மெல்லக் கேட்டேன். “அம்மா, பிரேக் விளையாட்டில்ல. நீங்க புத்தகம் படிச்சு ரசம் வேணா வைக்கலாம். கம்பெனிக்காரன் வரட்டும், பொறுங்க” என்றான். அவனையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவனும் அந்த வீட்டின் நம்பிக்கையில் வளர்ந்தவன்தானே.

சனிக்கிழமை காலை, கம்பெனி கொடுத்த தாளிலிருந்த பேட்டின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு திகனைக்கு பஸ் ஏறினேன். அங்கே உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவரின் மகள் என்னிடம் படித்தவள். அவர் இலக்கத்தைப் பார்த்ததும் மேல் தட்டிலிருந்து பெட்டியொன்றை எடுத்துத் தூசியை ஊதினார். கம்பெனி மூன்று வாரம் என்ற பொருள் மூன்று நிமிடத்தில் மேசைமேல் இருந்தது.

“எந்த கராஜுக்கு குடுக்கப் போறீங்க, டீச்சர்?”

“நாங்களே மாத்தலாம்னு இருக்கோம்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். “ஏலும், டீச்சர். முன் பிரேக் லேசு. ஆனா பாத்து செய்யோணும்” என்று சொல்லி, உள்ளே போய்த் தடித்த பழைய புத்தகமொன்றைக் கொண்டுவந்தார். எங்கள் வகை ஜீப்பைத் திருத்துவதற்கான கைநூல், ஆங்கிலத்தில், பக்கத்துக்குப் பக்கம் படங்களோடு. “இது எங்கட வாப்பாட புத்தகம். பக்கத்துல கடையில போட்டோ கொப்பி எடுத்துட்டு தாங்க. வெளிய கொண்டு போக மட்டும் விடமாட்டன், கோவிச்சுக்காதீங்க.”

பிரேக் பற்றிய பகுதியைத் தேடி ஆறு தாள்கள் எடுத்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில், இறங்கும் இடம் வரும் வரைக்கும் வாசித்தேன். நல்ல உரைநடை அது. அலங்காரம் இல்லை. ஒரு வினைச்சொல், ஒரு பொருள், அடுத்த வரி. ஓரிடத்தில் எனக்கு முகம் சுட்டது. பிரேக் ஒயில் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் பேட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அந்த விளக்கு எரியும்போதெல்லாம் என் கணவர் போத்தலை எடுத்து ஒயிலை நிரப்பி விளக்கை அணைப்பார். அவருக்குப் பின் நானும் அதையே கடமை தவறாமல் செய்து வந்தேன். வண்டி பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவரும் மிகுந்த அக்கறையோடு வாயடைத்திருக்கிறோம்.

மறுநாள் ஞாயிறு. ஆயுத பூசையும் அன்றுதான். நாத்தனார் விடியற்காலையிலேயே தன் தையல் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டாள். “நல்ல நாளு அண்ணி. நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னால வேலைய முடிச்சு, வண்டிக்கு பூசை போட்டு, எலுமிச்சங்காய நசுக்கிடணும்” என்று நேர அட்டவணையையும் வகுத்தாள்.

என் கணவரைக் கதிரையில் இருத்தி முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாத்தனார் கேட்கவில்லை. “நாங்க ஒடைக்கிறத யாராவது பாக்கணும்ல அண்ணே. நீங்க பாத்து வைங்க, பொறவு கம்பெனிக்காரன்கிட்ட சாட்சி சொல்லலாம்.” அவர் முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு ஏதோ ஓர் அசைவு தெரிந்தது.

எங்கள் முற்றம் வாசலோரம் சமதரை. கேட்டை நெருங்க நெருங்கச் சரிவு. சமதரையில் ஜீப்பை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்று நான் வாசித்தேன். நாத்தனார் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்தாள். நட்டு முனகிக்கொண்டு இளகியது. ஜக் வைத்துத் தூக்கி, அடியில் மரக்குற்றியை முட்டுக் கொடுத்தோம். சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே பளபளப்பான இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்வியிருக்கும் பெட்டி, அதற்குள் இரண்டு பேட்டுகள். இத்தனை வருடம் எங்கள் உயிரைத் தாங்கிய பொருளை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். ஊசிகளை உருவிப் பேட்டை வெளியே இழுத்தபோது, மிச்சமிருந்தது ஒரு பிஸ்கட்டின் பாதிக் கனம்கூட இல்லை. நாத்தனார் அதைத் தன் அண்ணனின் மடியில் வைத்தாள். அவர் இடது விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

புதிய பேட்டுகள் தடித்தவை. அவற்றுக்கு இடம் கொடுக்க, உள்ளே இருக்கும் பிஸ்டன்களைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளத் தள்ள மேலே தொட்டியில் ஒயில் பொங்கி வந்தது. நாங்கள் மாதக்கணக்கில் ஊற்றியது.

“ஊத்துனதெல்லாம் திரும்பி வருது, அண்ணி! கொழம்பு சட்டி மாதிரி!”

அவருக்கு மருந்து ஏற்ற வாங்கி மிஞ்சியிருந்த ஊசிக்குழாய் ஒன்றை எடுத்துவந்து, நான் ஒயிலை உறிஞ்சி உறிஞ்சிப் போத்தலில் விட்டேன். கையில் கிரீஸ், சேலைத் தலைப்பில் கறுப்பு, மூக்கில் இரும்பு வாசனை. உண்மையைச் சொன்னால், நான் அன்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். வலது பக்கம் முடியப் பகல் ஒரு மணியாயிற்று. இடது பக்கம் முடிந்து சக்கரத்தைப் பூட்டும்போது நான்கு மணியும் தாண்டிவிட்டது. ஹேவாஹெட்ட பக்கம் மேகம் கறுத்திருந்தது.

நாத்தனார் கைகழுவி ஓடி, தட்டு, பூ, கற்பூரம், தேங்காய், எலுமிச்சங்காய் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். “சந்தனக் கிண்ணத்துக்கு அடியில வைக்க ஒரு தாள் தாங்க அண்ணி, பானட்டுல கறை படும்.” என் கையில் ஆறாவது தாள் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்தேன். மேலே மூன்று வரி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் அடுத்த பாகத்தின் தலைப்பு. பிரேக் பாடம் ஐந்தாம் தாளோடு முடிந்துவிட்டது, இது வேறு பாடத்தின் தொடக்கம் என்று முடிவு செய்து அவளிடம் கொடுத்தேன். அந்த மூன்று வரியை நான் வாசிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாகன பூசையில் வீட்டின் தலைவர் வண்டிக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்ட வேண்டும். பிறகே வண்டி எலுமிச்சங்காயின் மேல் ஏறும். நிற்க முடியாதவர் என்பதால் அவர் கதிரையை ஜீப்பின் மூக்குக்கு நேரே, சரிவின் தொடக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். இடது கையில் தட்டை ஏந்தி மூன்று தரம் சுற்றினார். மேகத்துக்குள் இடி உருண்டது. “நேரமாச்சு அண்ணி, ஏறுங்க! ரெண்டடி உருட்டுனா போதும்!” நாத்தனார் கல்லை எடுத்தாள். கதிரையைக் கொஞ்சம் ஓரமாக இழுத்தாள். கொஞ்சம்தான்.

நான் ஏறி, இயந்திரத்தை முடுக்கி, கைப் பிரேக்கை விடுவித்தேன். ஜீப் மெல்ல நகர்ந்தது. எலுமிச்சங்காய்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன்.

கால் தரை வரைக்கும் போயிற்று. கீழே எதுவும் இல்லை. காற்றை மிதித்ததைப் போல.

சரிவு வண்டியை வாங்கிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் என் கணவர், கையில் தட்டு, தட்டில் எரியும் கற்பூரம். அவரால் எழுந்திருக்க முடியாது. எழுந்திருக்கவே முடியாது என்ற அந்த ஒரே எண்ணம்தான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இரண்டாம் தாளில் வாசித்திருந்தேன்: கைப் பிரேக் தனிக் கம்பியில் பின் சக்கரங்களைப் பிடிக்கும், முன் பிரேக்கோடு அதற்கு உறவில்லை. மூளை அந்த வரியைத் தேடி எடுத்ததா, கை தானாகப் போயிற்றா, தெரியாது. இரண்டு கையாலும் கைப் பிரேக்கை இழுத்தேன். பின் சக்கரங்கள் மண்ணில் தேய்ந்து, ஜீப் ஒரு குலுக்கலோடு நின்றது.

முன் பம்பருக்கும் அவருடைய முழங்காலுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது. தட்டு கையை விட்டு விழவில்லை. கற்பூரம் அணையவும் இல்லை.

நாத்தனார் கையில் உடைக்காத தேங்காயோடு நின்றாள். “எலுமிச்சங்கா நசுங்கிருச்சி, அண்ணி. போதும். எறங்குங்க” என்றாள்.

சக்கரங்களுக்கு மறுபடியும் கல் வைத்தோம். கதிரையை வாசலோரம் கொண்டுபோனோம். நான் படியில் உட்கார்ந்தேன். மகன் சொன்னது சரி, கணவர் நம்பியது சரி, நான் எங்கோ பெரிதாகப் பிழை செய்திருக்கிறேன், எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், கழற்றினாலும் பிழை எங்கேயென்று எனக்குத் தெரியப்போவதில்லை. மழை இரண்டு துளி விழுந்தது. பானட்டின் மேலிருந்த சாமான்களை நாத்தனார் அவசரமாக அள்ளினாள். சந்தனக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த தாள் என் மடியில் விழுந்தது.

அந்த மூன்று வரியையும் அப்போதுதான் வாசித்தேன். வண்டியை நகர்த்துவதற்கு முன், பிரேக் மிதியைப் பலமுறை மெல்ல மிதிக்கவும். பேட்டுகள் இரும்புத் தட்டைத் தொட்டு, மிதி இறுகும் வரை மிதிக்கவும். இறுகாமல் வண்டியை ஒருபோதும் நகர்த்த வேண்டாம்.

உரக்கத் தமிழில் சொன்னேன். பின்னால் தள்ளிய பிஸ்டன்களை மறுபடி முன்னால் கொண்டுவராமலே வண்டியில் ஏறியிருக்கிறேன். வேலையில் பிழை இல்லை. வேலை முடியவில்லை, அவ்வளவுதான்.

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பயம் தெளியத் தெளிய அவளுக்கு நாக்கும் திரும்பிவிட்டது. “முப்பது வருசம் புள்ளைங்களுக்கு, கேள்விய கடைசி வரைக்கும் படிச்சிட்டு பதில் எழுதுன்னு சொன்ன ஆளுதானே நீங்க?”

“ராகு காலம் ராகு காலம்னு முடுக்குனது யாரு?” என்றேன்.

“நான் நேரத்த சொன்னேன். படிக்க வேணாம்னா சொன்னேன்?”

கதிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருவரும் பதறித் திரும்பினோம். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒரு பக்க உதடு மட்டும் ஏறிய கோணல் சிரிப்பு. அதைவிட அழகான சிரிப்பை நான் கண்டதில்லை.

மிதியை மிதிக்க நான் எழுந்தேன். அவர் இடது கையால் கதிரைப் பிடியைத் தட்டினார். “நான்” என்றார்.

நாத்தனாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கைப் பிரேக் இழுத்திருந்தது. நான்கு சக்கரத்துக்கும் கல் இருந்தது. இருவரும் அவரைத் தாங்கி, ஒருவாறு ஏற்றி, ஓட்டுநர் ஆசனத்தில் இருத்தினோம். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் இடத்தில் உட்கார்ந்தார். வலது பாதத்தை நான் தூக்கி மிதியின் மேல் வைத்தேன்.

முதல் மிதி சுலபம். கீழே எதுவும் இல்லாததால் அவருடைய சோர்ந்த காலுக்கும் அது இறங்கிக் கொடுத்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மிதி பாதியில் தயங்கியது. அவர் நெற்றி சுருங்கியது. நான்காவதில் கால் நடுங்கத் தொடங்கியது. “போதும் அண்ணே, மிச்சத்த நான் மிதிக்கிறேன்” என்றாள் நாத்தனார். அவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது முறை அழுத்தினார். தொடை முழுவதும் அதிர்ந்தது. மிதி மேலேயே நின்றது. இன்னொரு முறை அழுத்தினார். அசையவில்லை.

“நிக்குது” என்றார். குழறாமல், முழுச் சொல்லாக.

மழை வலுத்துவிட்டது. நாங்கள் மூவரும் ஜீப்புக்குள்ளேயே இருந்தோம். தேங்காய் மட்டும் உடைபடாமல் நாத்தனாரின் மடியில் இருந்தது. அதை மறுநாள் சம்பலுக்குத் துருவினாள்.

ஒரு முழ இடைவெளி என்னை இரவெல்லாம் தூங்க விடவில்லை. ஆகவே திங்கட்கிழமை காலை, நானே முதல் ஆளாகக் கம்பெனி வாசலில் நின்றேன். மேற்பார்வையாளரிடம் எதையும் மறைக்கவில்லை. தாளையும் காட்டினேன். அவர் சந்தனக் கறையைப் பார்த்தார், என் நகங்களைப் பார்த்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து, “உள்ள வாங்க மேடம்” என்றார். வாடிக்கையாளர்கள் உள்ளே போகக் கூடாது என்று மும்மொழியிலும் எழுதியிருந்த கதவு அது.

ஜீப்பை உயர்த்தி, முன் சக்கரங்களைக் கழற்றி, விளக்குப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓர் ஊசியின் கிளிப்பை மட்டும் மாற்றிப் போட்டார். பிறகு என்னிடம் தமிழும் சிங்களமுமாகச் சொன்னது இதுதான்: நாங்களும் இதே வேலையைத்தான் செய்கிறோம், எங்கள் பையன்களும் இந்தக் கடைசி அடியை மறப்பதுண்டு. ஆனால் இங்கே ஒருவன் செய்த பிரேக்கை இன்னொருவன் ஏறி மிதித்துப் பார்க்காமல் வண்டி வெளியே போகாது. வேலைத் தாளைத் திருப்பிக் காட்டினார். அடியில் இரண்டு கட்டம் இருந்தது. செய்தவர் ஒன்று. பார்த்தவர் ஒன்று.

“உங்க வீட்டுல மிதிச்சுப் பாத்தது யார்?”

சொன்னேன். அவர் பொலித்தீன் உறைக்குள்ளிருந்த எங்கள் சர்விஸ் புத்தகத்தை வாங்கி, புதிய பக்கத்தில் அதே போல இரண்டு கட்டம் கீறினார். முதல் கட்டத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். இரண்டாவதைத் தொடவில்லை. “இது ஐயாவுக்கு” என்று சொல்லி, அதற்குக் கீழே கம்பெனி முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வீட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்த என் கணவர் பேனா கேட்டார். இடது கையால், மண்புழு ஊர்ந்ததைப் போன்ற ஒரு கையெழுத்து வைத்தார். பெரிய கிளாக்கராக இருந்தபோது வைத்த எந்தக் கையெழுத்துக்கும் அவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் மறுப்புச் சொல்லவில்லை. காலைப் பிடித்துப் பார்த்த பயிற்சிப் பெண், வீட்டில் என்ன செய்தீர்கள் என்று வியப்போடு கேட்டாள். “பிரேக் மிதிச்சாரு” என்றாள் நாத்தனார் பெருமையாக. அந்தப் பெண் சிரித்துவிட்டு, அதையே தினமும் செய்யச் சொன்னாள். அன்றிலிருந்து காலைத் தேநீருக்குப் பின், கல் வைத்து நிறுத்திய ஜீப்பில் ஏறிப் பத்துத் தரம் பிரேக் மிதிப்பது அவருடைய வழக்கமாயிற்று. அடுத்த சித்திரையில் ஊன்றுகோலோடு நடந்தார். கேட் வரைக்கும், பிறகு வீதி வரைக்கும். மறுபடி அவர் வண்டி ஓட்டவில்லை. அதற்கு ஆசைப்படவும் இல்லை.

மகனுக்கு விஷயத்தை ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னோம். அவன் கோபித்தான். பிறகு வந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தகப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

பெரிய வேலைகளுக்கு நாங்கள் இன்றும் கம்பெனிக்குத்தான் போகிறோம். முன் பிரேக் மட்டும் எங்களுடையது. நான் வாசிப்பேன், கடைசித் தாளின் கடைசி வரி வரைக்கும். நாத்தனார் கழற்றிப் பூட்டுவாள். அந்த வருடங்களில் அவர் ஏறி மிதித்து, “நிக்குது” என்று சொன்ன பிறகே கல்லை எடுப்போம். கற்பூரம் பக்கவாட்டிலிருந்துதான் காட்டுவோம். சர்விஸ் புத்தகத்தில் அவருடைய கையெழுத்துகள் வரிசையாக இருக்கின்றன: முதலில் மண்புழு, பிறகு இடது கைக்குப் பழகிய சாய்வு, மூன்றாவதிலிருந்து வலது கையில் மெல்ல மெல்ல நிமிர்ந்து, கடைசியில் ஏறக்குறைய பழைய பெரிய கிளாக்கரின் கையெழுத்து. என் அலுமாரியில் எத்தனையோ நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. நான் அடிக்கடி திறந்து பார்ப்பது இதைத்தான்.

அவர் போய் நான்கு வருடமாகிறது. போன ஆயுத பூசைக்கு மறுபடி பேட் மாற்றினோம். செய்தவர் கட்டத்தில் நான் கையெழுத்திட்டேன். நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி, அவசரப்படாமல் மிதித்தாள். மிதி இறுகியதும் என்னைப் பார்க்காமல், “நிக்குது, அண்ணி” என்றாள். தன் அண்ணனின் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். அந்த மலையில் இப்போது நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஜீப்பும் இருக்கிறது.